விநோத உயிரினத்தைக் கண்டால் செய்யக்கூடாதவை

கடலூர் மாவட்டம் முடசலோடை மீன் இறங்குதளத்தில் கரையேறிய பழுப்பு நிற அஞ்சாலை என்னும் விலாங்கு மீன் ஒன்று, அறிவியல் அதுவரை பெயர் வைத்திராத இனம் என்று 2023-இல் உறுதியானது. கிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் தாழ்வான பகுதிகளிலிருந்து இரண்டு சிறு பாறைப் பல்லிகள் வந்தன. ஒன்றுக்குச் சதுரகிரியின் பெயர். மஞ்சள் தலையும் முதுகில் வெளிர்நீலப் புள்ளிகளும் கொண்ட இன்னொன்றுக்கு ஓவியர் வான்கோவின் பெயர். புதிய இனத்துக்காக ஆளரவமற்ற காட்டின் நடுவே போக வேண்டும் என்பதில்லை. வலையில் வந்த கழிவு மீன் குவியலிலும், மலைக்கோவில் பாதையோரப் பாறையிலும்கூட அது இருக்கலாம்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டதும் முதல் அரைமணி நேரத்தில் நாம் செய்வதுதான் பெரும்பாலும் அதன் கதியை முடிவு செய்கிறது. அடித்துக் கொல்கிறோம், வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்கிறோம், அளவே தெரியாத ஒரு படத்தை வாட்ஸாப்பில் ஏற்றி மூலப்படத்தை அழித்துவிடுகிறோம். பிறகு எந்த ஆய்வாளர் வந்தாலும் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மறுபக்கம், நன்றாகத் தெரிந்த விலங்கையே புது விலங்கு என்று பரப்பி, ஊரையே தடியோடு தெருவுக்கு வரவழைக்கும் தவறும் நடக்கிறது. இரண்டையும் தவிர்க்கலாம்.

தெரிந்தவற்றைக் கழிக்காமல் முடிவுக்கு வருவது

விநோதம் என்று பரவும் படங்களில் மிகப் பெரும்பாலானவை ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்: குஞ்சு அல்லது குட்டி, நோயுற்ற விலங்கு, அழுகிய உடல், நிறம் மாறிய விலங்கு, வளர்ப்பிலிருந்து தப்பியது. படம் கையில் வந்ததும் இந்த ஐந்தையும் வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதிலும் பொருந்தவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு.

2017-இல் விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு காணொளி பரவியது. இறகில்லாத வெளிறிய உடல், பெரிய கருங்கண்கள், மனிதரைப் போல நிமிர்ந்து நிற்கும் மூன்று உருவங்கள். வேற்றுக்கிரகவாசிகள் என்றார்கள். அவை கூகைக் குஞ்சுகள். கூகை கட்டடப் பொந்துகளில் முட்டையிடும் ஆந்தை. இறகு முளைக்கும் முன் குஞ்சின் முகம் நாம் பறவைக்கு எதிர்பார்க்கும் முகமாக இருக்காது. இத்தகைய குஞ்சைக் கண்டால் தண்ணீர் புகட்டுவது, சோறு ஊட்டுவது இரண்டுமே தவறு. தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் குஞ்சு செத்துவிடும். ஆட்கள் விலகினால் தாய்ப்பறவை இருட்டிய பிறகு வந்துவிடும்.

முடி உதிர்ந்த விலங்கு இன்னொரு வகை. சர்கோப்டிஸ் என்னும் நுண்ணிய உண்ணி தோலுக்குள் துளைத்துச் சொறி உண்டாக்கும். நாய், நரி, குள்ளநரி எல்லாவற்றையும் அது தாக்கும். முடி கொட்டி, தோல் தடித்துச் சுருங்கி, காது பெரிதாகவும் கால் நீளமாகவும் தெரியும். அமெரிக்காவின் டெக்சாஸில் இரத்தம் உறிஞ்சும் ‘சுபகாப்ரா’ என்று பிடிபட்டவை இப்படிச் சொறி பிடித்த கயோட்டி நாய்களே. மனிதருக்கும் வளர்ப்பு நாய்க்கும் இந்த உண்ணி தொற்றும் என்பதால் அருகில் போகாமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும்.

நிறத்தை நம்புவது ஆரம்பநிலையில் இருப்பவர்களின் பெரிய தவறு. நம் வயலில் வாழும் பெருந்தவளையின் ஆண், முதல் கனமழையில் இணைசேரும்போது பளீரென்ற மஞ்சள் நிறத்துக்கு மாறும். தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்கும். ஒவ்வொரு பருவமழைக்கும் யாராவது அதைப் புது இனம் என்று பகிர்கிறார்கள். ஒடிசாவின் சிமிலிபாலில் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து ஏறத்தாழக் கருப்பாகத் தெரியும் புலிகளும் புலிகள்தாம். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2021-இல் இந்திய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் ஒரே இனத்திலேயே பச்சை, பழுப்பு, கோடுள்ளது, கோடற்றது எல்லாம் உண்டு. எனவே நிறத்தை மட்டும் வைத்து எதையும் பிரிக்க முடியாது.

ஏரியிலும் ஆற்றிலும் கிடைக்கும் கவசம் போட்ட கருப்பு மீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றுப் பக்கம் உறிஞ்சும் வாய், உடலெங்கும் எலும்புத் தகடு. அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் ‘டேங்க் கிளீனர்’ என்று குட்டியாக விற்கப்படுவது. வளர்ந்தபின் வாய்க்காலில் கொண்டுபோய் விடுகிறார்கள். கரையில் வளை தோண்டி முட்டையிடும், மண்கரையைப் பலவீனப்படுத்தும், முள் வலையைக் கிழிக்கும். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும். காஷ்மீரின் தால் ஏரியில் 2023-இல் பிடிபட்ட முதலை வாய் மீனும் இப்படி வெளியிலிருந்து வந்ததே. அலிகேட்டர் கார் என்பது அதன் பெயர். வட அமெரிக்க மீன். உள்ளூர் விலங்கு என்றால் உடனே விட்டுவிட வேண்டும் என்கிற விதி இங்கே தலைகீழாகும். அயல்நாட்டு வளர்ப்பு மீனை இரக்கப்பட்டு மீண்டும் தண்ணீரில் விடுவதுதான் தவறு. மீன்வளத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

அழுகிய உடலைப் பார்த்து உருவம் கற்பனை செய்வது

கரை ஒதுங்கிய பிணங்களே உலகின் பல ‘கடல் அரக்கர்’களுக்கு மூலம். ஒரு உடல் எந்த வரிசையில் சிதைகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அகன்ற வாய் கொண்ட பாஸ்கிங் சுறாவை எடுத்துக்கொள்ளலாம். அழுகும்போது முதலில் தாடையும் செவுள் வளைவுகளும் கழன்று விழும். மிஞ்சுவது சிறிய மண்டையும் அதன் பின்னே நீண்ட முதுகெலும்பும். அது நீளக் கழுத்தாகத் தெரியும். வால் துடுப்பின் கீழ்ப்பகுதிக்குள் முதுகெலும்பு போவதில்லை என்பதால் அதுவும் உதிர்ந்து, ஒல்லியான வால் மட்டும் நிற்கும். பக்கத் துடுப்புகள் கால்களைப் போலிருக்கும். ஆக, டைனோசர் காலத்து நீளக் கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசர் தயார். 1977-இல் நியூசிலாந்துக்கு அருகே ஜப்பானிய இழுவைப் படகான சுயோ மாருவின் வலையில் வந்தது இதுதான். சுமார் 10 மீட்டர் நீளம். நாற்றம் தாங்காமலும் பிடித்த மீன் கெட்டுவிடும் என்றும் அதைத் திரும்பக் கடலில் போட்டார்கள். ஆனால் போடும் முன் ஒருவர் படங்கள் எடுத்தார், துடுப்பின் நார்களை வெட்டி வைத்துக்கொண்டார். அந்த நார்களின் அமினோ அமில அளவுகள் பாஸ்கிங் சுறாவோடு ஒத்துப்போனதால் கேள்விக்கு விடை கிடைத்தது. நார் எடுக்காமல் விட்டிருந்தால் இன்றும் வாதம் முடிந்திருக்காது.

அறிஞர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1896-இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒதுங்கிய வெண்ணிறச் சதைக் குன்றை நேரில் பார்க்காமல், கடிதங்களையும் படங்களையும் வைத்தே பேராசிரியர் அடிசன் வெரில் அதை மாபெரும் ஆக்டோபஸ் என்று அறிவித்து அறிவியல் பெயரும் சூட்டினார். சதைத்துண்டு கைக்கு வந்ததும் அது திமிங்கலத்தின் பகுதி என்று தாமே மாற்றிச் சொன்னார். பிற்காலச் சோதனைகளும் திமிங்கலம் என்றே முடிந்தன. எலும்பு நழுவிப்போன திமிங்கலத்தின் கொழுப்பும் தோலடி நாரும் நாள்கணக்கில் மிதந்தால் உருவமற்ற வெள்ளை மூட்டையாகிவிடும். நுனியில் ‘முடி’ போலத் தொங்குவது முடியல்ல, பிரிந்த கொலாஜன் நார்.

நிலத்து விலங்குக்கும் இது நேரும். 2008-இல் நியூயார்க் அருகே மொன்டாக் கடற்கரையில் கிடந்த அலகுள்ள ‘அரக்கன்’, தண்ணீரில் கிடந்து முடி முழுக்க உதிர்ந்த ரக்கூன். மூக்கின் மென்சதை போய் முன்தாடை எலும்பு நீட்டிக்கொண்டிருந்ததே அலகாகத் தெரிந்தது.

இத்தகைய உடல் கிடைத்தால் பல், முதுகெலும்புத் துண்டு, துடுப்பு அல்லது கால்விரல் ஆகிய மூன்றையும் நெருக்கமாகப் படமெடுங்கள். முழு உருவப் படத்தைவிட இவைதாம் பதில் சொல்லும். வீங்கிய திமிங்கலத்தின் மேல் ஏறுவதோ குத்துவதோ கூடாது. உள்ளே வாயு அடைத்திருக்கும், வெடித்துச் சிதறும். காயமுள்ள கையால் தொட்டால் தொற்று வரும்.

பயன்படாத படம்

‘இது என்ன பல்லி?’ என்று முதுகு மட்டும் தெரியும் ஒரு படத்தை அனுப்பினால் வல்லுநராலும் பதில் சொல்ல முடிவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பல்லிகள் சேர்ந்த நிமாஸ்பிஸ் பேரினத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பது முதுகின் நிறமல்ல. ஆணின் தொடையிலும் கழிவாய்க்கு முன்பும் இருக்கும் சிறு துளைகளின் எண்ணிக்கை, முதுகுச் செதில்களின் அமைப்பு, விரலடித் தகடுகளின் எண்ணிக்கை ஆகியவைதாம். ஆகவே பல்லி சுவரிலோ கண்ணாடியிலோ இருந்தால் அடிப்பக்கம் தெரியும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். மேலிருந்து ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று, விரல்கள் ஒன்று.

மற்ற குழுக்களுக்கு வேறு இடங்கள். தவளைக்கு: செவிப்பறை, விரல்நுனியின் வட்டத் தட்டு, பின்கால் விரல்களுக்கிடையே சவ்வு எதுவரை வருகிறது என்பது, மடக்கிய தொடையின் உட்புற நிறம். சிலந்திக்கு: முகத்தில் கண்கள் அமைந்த விதம், வயிற்றின் அடிப்பக்கம். மீனுக்கு: இடப்பக்கம் முழுவதும், துடுப்புகள் விரிந்த நிலையில், ஈரமாக இருக்கும்போதே, காய்ந்துவிட்டால் நிறம் சில நிமிடங்களில் மங்கும். பாம்புக்கு மட்டும் நெருங்கிய படத்துக்கு ஆசைப்படவே கூடாது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்த தலைப் பக்கவாட்டுப் படம் போதும். பாம்பின் நீளத்துக்கும் கூடுதலான தூரம் எப்போதும் இருக்க வேண்டும்.

அளவு தெரியாத படம்தான் பெரும்பாலான வதந்திக்கு விதை. கேமராவுக்கு அருகில் நீட்டிப் பிடித்த மீன் ஆளைவிடப் பெரிதாகத் தெரியும். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். விலங்கின் பக்கத்தில், அதே தளத்தில், அதே தூரத்தில் நாணயம் இருக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ வைத்தால் கணக்கு தவறும். உயிருள்ள விலங்கின் அருகே கைவைக்க முடியாதென்றால், அது போனபிறகு அது உட்கார்ந்திருந்த இலையையோ கல்லையோ அளந்து குறித்துக்கொண்டால் அதே பயன்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவலும் நீங்கும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். மூலக்கோப்பை அழிக்காதீர்கள். நிறத்தைக் கூட்டும் ஃபில்டரைத் தொடவே வேண்டாம். ஃபிளாஷோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுத்தால் உண்மை நிறம் எது என்று பார்ப்பவர் கணிக்க முடியும்.

தவளை, பறவை, சிள்வண்டு என்றால் குரலும் சான்றுதான், சில சமயம் படத்தைவிட வலுவான சான்று. இலங்கையின் மழைக்காட்டில் 1995-இல் தீபால் வராககொட கேட்ட ஓர் ஆந்தைக் குரல் எந்தத் தெரிந்த ஆந்தையோடும் பொருந்தவில்லை. ஆந்தையைக் கண்ணால் பார்த்தது 2001-இல், பெயர் வந்தது 2004-இல். அதுதான் செரெண்டிப் ஆந்தை. குரலைப் பதியும்போது குறைந்தது ஒரு நிமிடம் பேசாமல், அசையாமல் பதியுங்கள். முடிந்தால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். முடிவில் தேதி, நேரம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். வெப்பநிலை எதற்கென்றால், குளிரில் தவளை மெதுவாகவும் வெக்கையில் வேகமாகவும் கூப்பிடும். அது தெரியாமல் இரண்டு குரல்களை ஒப்பிட்டால் ஒரே இனம் இரண்டாகத் தோன்றும்.

தொடுவதும் பிடிப்பதும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் என்னும் கடல் நத்தைகள் ஒதுங்கின. மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும், நகை போல மின்னும் உயிர். குழந்தைகள் உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கத் தோன்றும். அது ஃபைசாலியா போன்ற கொட்டும் மிதவை உயிர்களைத் தின்று, அவற்றின் நச்சுக் கொடுக்குகளைச் செரிக்காமல் தன் உடல் நுனிகளில் சேமித்து வைத்துக்கொள்ளும். செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் நன்னீரால் கழுவுவதும் மணலால் தேய்ப்பதும் தவறு. இரண்டுமே மிச்சமிருக்கும் கொடுக்குகளைத் தூண்டிவிடும். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருப்பதைக் கிடுக்கியால் எடுத்துவிட்டு, தோல் பொறுக்கும் வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும்.

தோட்டத்தில் சுத்தியல் போல் தலை அகன்ற, வழவழப்பான நீளப் புழுவைக் கண்டால் வெட்டக்கூடாது. வெட்டிய துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும். அதன் சில இனங்களில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருக்கிறது. மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் செசிலியனைப் பாம்பென்று அடித்துக் கொல்வது மலையோர ஊர்களில் வழக்கமாக நடக்கிறது. அது தவளையின் உறவு. காலில்லாதது, ஆளைத் தாக்கும் விலங்கல்ல. ஈரமான வழுவழுத் தோல், உடலைச் சுற்றி வளைய வளையமான பள்ளங்கள், கண் இருப்பதே தெரியாத அளவு சிறியது. பாம்பின் செதில் உலர்ந்திருக்கும். இந்தியாவின் செசிலியன்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. அடிபட்டுச் சாகும் ஒவ்வொன்றும் நமக்குத் தெரியாமலே போகும் ஒரு தகவல்.

தவளையைக் கையால் தொட நேர்ந்தால் கொசுவிரட்டி, சானிடைசர், சோப்பு எதுவும் கையில் இருக்கக்கூடாது. அதன் தோல் மூச்சு விடும் உறுப்பு, பூசியிருப்பதெல்லாம் உள்ளே போகும். ஒரு ஓடையில் நனைந்த காலணியோடு அடுத்த ஓடையில் இறங்கினால், உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்து செல்லலாம். தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகே இறங்க வேண்டும்.

சட்டத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் பொறி வைப்பதும் வேட்டையே. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி எதையும் எடுக்க முடியாது. இறந்து கிடந்த பாதுகாக்கப்பட்ட விலங்கும் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். மீன்பிடிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: கடல்குதிரை, கடல் அட்டை, திமிங்கலச் சுறா ஆகியவை தற்செயலாக வலையில் வந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாதவை.

இறந்த மீனைப் பாழாக்குவது

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு லண்டன் துறைமுகத்தில் இழுவைப் படகின் மீன் குவியலில் நீலச் செதில் கொண்ட, ஒன்றரை மீட்டர் மீன் ஒன்றை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். கடுங்கோடை. அவ்வளவு பெரிய உடலைக் குளிரூட்ட ஊரில் இடம் கிடைக்கவில்லை. ஃபார்மலினில் நனைத்த துணியைச் சுற்றியும் பயனில்லை. கெடத் தொடங்கியதும் உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டுத் தோலைப் பாடம் செய்தார்கள். மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித் வந்து சேர்ந்தபோது பாடம் செய்த உடல்தான் இருந்தது. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகந்த் அது. முழு உடலோடு இன்னொன்று கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாத மீனுக்கு லாட்டிமர் ஒரு படம் வரைந்து, அளவுகளைக் குறித்து உடனே கடிதம் போட்டிருந்ததுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

நம் இறங்குதளத்தில் விநோத மீன் வந்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டாம், உப்பு போட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூளாக்கிய ஐஸில் முழுக்கப் புதையுங்கள். எந்தத் தேதி, எத்தனை பாகம் (மீனவர் ஆழம் அளக்கும் அலகு) ஆழம், எந்த வலை, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி அதே பைக்குள் வையுங்கள். பேனா மை ஈரத்திலும் ஆல்கஹாலிலும் அழிந்துவிடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்னை, மண்டபம், தூத்துக்குடியில் கிளைகள் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. உறையவைத்து, உருகவைத்து, மீண்டும் உறையவைப்பது டிஎன்ஏ-வைத் துண்டுதுண்டாக்கும். ஒருமுறை உறையவைத்தால் ஒப்படைக்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரிகளிலும் நேரும் தவறு, எல்லாவற்றையும் நேரே ஃபார்மலினில் போடுவது. ஃபார்மலின் உடல் வடிவத்தை நன்றாகக் காக்கும், டிஎன்ஏ-வைக் கெடுக்கும். அதனால் முதலில் பாசிப்பயறு அளவு தசையை வெட்டி, அதைப்போல் பத்து மடங்கு 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் போட வேண்டும், மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். அதன் பிறகே மீதி உடலை ஃபார்மலினில் வைக்கலாம்: கடையில் வரும் அடர் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. நீண்டகாலச் சேமிப்புக்கு 70 விழுக்காட்டு எத்தனால். சானிடைசர் ஜெல் எதற்கும் உதவாது. முறையான அனுமதி உள்ளவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

‘புதிய இனம்’ என்று அறிவித்துவிடுவது

செய்திகளில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. அறிவியலுக்கே புதிய இனம் ஒன்று. வேறு நாட்டில் தெரிந்திருந்து இந்தியாவில் முதன்முறை பதிவாவது இன்னொன்று. நெடுங்காலம் காணாமல் இருந்து மீண்டும் கிடைப்பது மூன்றாவது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் 641 விலங்குகள் சேர்ந்தன. அவற்றில் 442 அறிவியலுக்குப் புதியவை, 199 இந்தியாவுக்கு மட்டும் புதியவை.

பத்திரிகையில் வந்தாலோ முகநூலில் போட்டாலோ ஒரு பெயர் செல்லாது. பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, முறையாக வெளியான ஆய்வுக்கட்டுரையில் இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்த இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று விவரித்து, ஒரு மாதிரி உடலை மூலச்சான்றாக நிறுத்தி, அது எந்தச் சேகரத்தில் இருக்கும் என்றும் குறிக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் இணையப் பதிவேட்டிலும் ஏற்றியிருக்க வேண்டும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி மாதிரியை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். சேகரித்த நாளிலிருந்து பெயர் வெளியாகும் நாள் வரை உலக அளவில் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே நான்கு நாளில் முடிவு கேட்டு யாரையும் நெருக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு காலம்? ஏற்கெனவே யாரும் பெயர் வைத்திருக்கிறார்களா என்று, விலங்குப் பெயரிடலின் தொடக்க ஆண்டான 1758 வரை பின்னோக்கித் தேட வேண்டும். ஜெர்டன், பெட்டோம், குந்தர் போன்ற விலங்கியலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து பெயரிட்டவற்றின் மூலமாதிரிகள் லண்டனிலும் கொல்கத்தாவிலும் கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிடாமல் வெளியிட்ட பல பெயர்கள் பின்னர் பழைய பெயரின் மறுபதிப்பு என்று தள்ளுபடியாயின. துண்டுகளை வைத்துப் பெயரிடுவதும் ஆபத்து. 1901-இல் காங்கோவிலிருந்து வந்த இரண்டு தோல் பட்டைகளின் கோடுகளைப் பார்த்துக் குதிரைப் பேரினத்தில் பெயரிட்ட விலங்குதான், ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபி.

டிஎன்ஏ பொருந்தவில்லை, ஆகவே புது இனம் என்பதும் அவசர முடிவு. பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் விலங்கின் வரிசை ஏற்றப்படாமலே இருக்கலாம், அல்லது தவறான பெயரில் ஏற்றியிருக்கலாம். உருவம், மரபணு, குரல், வாழிடம் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே பக்கம் சாய வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் இருக்கிறது. ‘இது சாதாரணப் பச்சைப்பாம்பு’ என்று ஒதுக்குவது. கண்ணைக் குத்தும் என்று நாம் பயந்த அந்தக் கொடிப்பாம்பு இந்தியாவெங்கும் ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2020-இல் வெளியான ஆய்வு அதைப் பல இனங்களாகப் பிரித்தது. பழைய நசூட்டா என்ற பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டும் நின்றது. ஊதா நிறப் பன்றிமூக்குத் தவளையின் தலைப்பிரட்டைகள் 1918 வாக்கிலேயே விவரிக்கப்பட்டிருந்தும், வளர்ந்த தவளைக்குப் பெயர் 2003-இல்தான் வந்தது. ஆண்டில் ஏறக்குறைய இரண்டு வாரம் மட்டுமே மண்ணுக்கு மேலே வரும் விலங்கு அது. மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழகப் பக்கம் வாழும் அதன் உறவினத்துக்கு 2017-இல் ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் வைத்தார்கள்.

உடலைக் கொன்று எடுத்தால்தான் அறிவியல் என்பதும் முழு உண்மையல்ல. அருணாச்சலின் புகுன் லியோசிக்லா பறவையை 2006-இல் ராமனா ஆத்ரேயா விவரித்தபோது, பிடித்து அளந்து உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் குரலையும் வைத்துக்கொண்டு பறவையை விட்டுவிட்டார். மிகச் சிலவே உயிரோடிருக்கும் இனத்தில் ஒன்றைக் கொல்ல முடியாது என்பதே அவருடைய காரணம்.

தவறாகக் கேட்பது

கைப்பேசிச் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர், அது ஏற்கெனவே அறிந்த பெயர்களுக்குள் மிக நெருங்கியது, அவ்வளவே. பெயரே இல்லாத இனத்துக்கு அது ஒருபோதும் ‘தெரியவில்லை, புதியது’ என்று சொல்லாது. பேரினம் வரை நம்பலாம், இனப்பெயருக்கு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் ஆட்கள் அந்த இடத்தில் வாழ்பவர்கள். பளியர், காணிக்காரர், இருளர், மீனவர். இடுக்கியின் மலைமக்களுக்கு பன்றிமூக்குத் தவளை அறிமுகமானது, அதன் தலைப்பிரட்டையைச் சமைத்தும் உண்டார்கள். அவர்களிடம் ‘மஞ்சள் தலை, நீல முதுகுள்ள பல்லி பார்த்ததுண்டா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவே ‘ஆமாம்’ என்று வரும். அது சான்றாகாது. என்னென்ன பல்லிகள் இருக்கின்றன, எது எங்கே இருக்கும், எந்த மாதத்தில் தெரியும், என்ன தின்னும், எப்படிக் கத்தும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். அதற்குப் பிறகு தெரிந்த இனங்களோடு கலந்து படங்களைக் காட்டுங்கள்.

வதந்தியையும் கேள்வியோடு கலக்கக்கூடாது. ஆழ்கடலின் நீண்ட துடுப்பு மீன் கரைக்கு வந்தால் நிலநடுக்கம் வரும் என்கிறார்கள். ஜப்பானில் 1928 முதல் 2011 வரையிலான ஆழ்கடல் மீன் தோற்றங்களையும் நிலநடுக்கங்களையும் ஒப்பிட்ட ஆய்வில் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை, அதனால் கோடி ரூபாய் என்ற கதையால் அந்த அப்பாவிப் பாம்பு ஆயிரம் மைல் கடத்தப்படுகிறது. அதன் மழுங்கிய வால் தலையைப் போலிருப்பது எதிரியை ஏமாற்ற. அதற்கு மருத்துவ மதிப்போ வேறு மதிப்போ கிடையாது.

இடத்தைச் சொல்லிவிடுவது

எல்லாத் தவறுகளிலும் திருத்த முடியாதது இதுதான். சீன–வியட்நாம் எல்லையில் வாழும் கோனியுரோசாரஸ் லூயி என்ற குகைப் பல்லி 1999-இல் விவரிக்கப்பட்டது. கட்டுரையில் இடமும் இருந்தது. வளர்ப்பு வணிகர்கள் வந்து அள்ளி, அது முதலில் கிடைத்த இடத்திலிருந்தே துடைத்தெடுத்தார்கள். இந்தோனேசியாவின் ரோட்டித் தீவில் 1994-இல் விவரிக்கப்பட்ட பாம்புக்கழுத்து ஆமையும் இதே வணிகத்தால் அழிவின் விளிம்புக்குப் போனது. நமக்குப் பக்கத்தில் ஆந்திரத்தின் நீல மரச்சிலந்தி இருக்கிறது. 1899-இல் குத்தி (Gooty) என்ற ஊரிலிருந்து பெயரிடப்பட்டு, நூறாண்டுக்குப் பின் 2001-இல் மீண்டும் காட்டில் கிடைத்த அது, இன்று உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் விற்கப்படுகிறது.

ரீல்ஸில் பின்னணியாக வரும் மலை முகடும், மைல்கல்லும், கோவில் கோபுரமும் ஜிபிஎஸ் எண்ணுக்குச் சமம். பொதுவில் படத்தைப் போடும் முன் இருப்பிடத் தகவலை நீக்கி, பின்னணியை வெட்டிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதிந்தால் இடத்தை மறைக்கும் தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் புள்ளியைச் சுமார் 22 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் காட்டும். மாவட்டம், உயரம், பாறையா ஓடையா இலைச்சருகா என்ற அளவில் பொதுவெளிக்குப் போதும். துல்லியமான புள்ளியை ஐந்து தசம இலக்கம் வரை குறித்து, தேதி நேரத்தோடு நோட்டில் வைத்திருங்கள். ஆய்வாளருக்கும் வனத்துறைக்கும் மட்டும் நேரில் கொடுங்கள்.